தட்டலுக்கும் ஓசைக்கும் இடையே பத்து மில்லிவினாடி

ப்ளூடூத் இயர்போனை மாட்டிக்கொண்டு மொபைலில் படம் பார்க்கிறோம். நடிகர் வாய் திறப்பதும் வசனம் காதில் விழுவதும் ஒன்றாகவே நடக்கின்றன. படம் முடிந்ததும் அதே மொபைலில் ஒரு ட்ரம் செயலியைத் திறந்து, இயர்போனைக் கழற்றாமல் திரையைத் தட்டிப் பாருங்கள். விரல் பட்டு, சற்று நேரம் கழித்துத்தான் ‘டும்’ என்று கேட்கும். நாலு தட்டு தட்டுவதற்குள் தாளம் கையை விட்டுப் போய்விடும். மொபைலும் இயர்போனும் மாறவில்லை. படம் பார்க்கும்போது தெரியாத தாமதம், தாளம் போடும்போது மட்டும் எங்கிருந்து வந்தது?

பொத்தேரியில் இந்தக் கேள்விக்கு விடை தேவைப்படுகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றி, ஜி.எஸ்.டி. சாலைக்கு இருபுறமும் விடுதிகளும் பி.ஜி.க்களும் வாடகை வீடுகளும் நிறைந்த ஊர் அது. ஓர் அறையில் மூன்று நான்கு பேர் தங்கியிருப்பார்கள். ஒருவர் தேர்வுக்குப் படிப்பார், ஒருவர் தூங்குவார், இன்னொருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் பீட் செய்வார். ஸ்பீக்கர் வைக்க வழியில்லாத அறை, சொந்தமாக ட்ரம்ஸ் வைக்க இடமில்லாத அறை. இப்படிப்பட்ட அறைகளில் இசை செய்கிறவர்கள் இன்று சென்னை முதல் மலேசியா வரை எங்கும் உண்டு; அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் ஒன்றுதான். லேப்டாப்பும் ஒரு மென்பொருளும் போதுமா, இல்லை தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டுமா?

பெட்டி என்றால் ட்ரம் மெஷின், ரிதம் பேட், எம்பிசி என்று பல வகை. பெட்டி வைத்திருப்பவர்கள் ‘சவுண்டே வேற’ என்பார்கள். லேப்டாப்காரர்கள் ‘எல்லாம் பிரமை’ என்பார்கள். இரண்டு தரப்பும் ஒலியைப் பற்றித்தான் வாதிடுகின்றன. உண்மையான வேறுபாடு ஒலியில் இருப்பதைவிட நேரத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. நேரத்துக்கு வருமுன் ஒலியைப் பற்றிய வாதத்தைத் தீர்த்துவிடுவோம்.

1980-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிஆர்-808 என்ற ட்ரம் மெஷினை வெளியிட்டது. அதற்குள் எந்தப் பதிவு செய்த ஒலியும் கிடையாது. ஒரு மின்சுற்றைச் சுண்டிவிட்டால் அது கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்கும்; அந்த அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்பினால் அடித்தொண்டையில் உறுமும் ‘பூம்’ கிடைக்கும். ஆறு அலையியற்றிகளின் ஒலியைக் கலந்து வடிகட்டித்தான் சிம்பல் ஓசையை உண்டாக்கினார்கள். மின்னழுத்தமே அங்கே ஒலி. ஆகவே ஒரு 808 எழுப்பும் ஓசை இன்னொரு 808-இன் ஓசையிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும். உள்ளே இருக்கும் உதிரிப் பாகங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. 1983-இல் தயாரிப்பு நின்றபோது ஏறக்குறைய 12,000 பெட்டிகளே உலகில் இருந்தன.

அவற்றில் ஒன்று பம்பாய்க்கு வந்தது. இந்திப் படங்களுக்குக் கிட்டார் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் ஒரு 808-ஐயும் வேறு இரண்டு ரோலண்ட் கருவிகளையும் வைத்துக்கொண்டு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் தனியொருவராக வாசித்து ஓர் இசைத்தட்டுக்குப் பதிவு செய்தார். அப்போது அதைக் கேட்டவர்கள் குறைவு. 2010-இல் மறுவெளியீடு கண்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ‘ஆசிட் ஹவுஸ்’ என்று மேல்நாட்டில் பெயர் பெற்ற நடன இசையின் சாயல், அந்த இசை பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்தத் தட்டில் கேட்கிறது.

அதே 1980-இல் அமெரிக்காவில் ரோஜர் லின் என்ற கிட்டார் கலைஞர் வேறொரு வழியில் போனார். அவருடைய எல்எம்-1 பெட்டியில் உண்மையான ட்ரம்ஸ் ஓசையைப் பதிவு செய்து, எண்களாக மாற்றி, நினைவகச் சில்லுகளில் வைத்திருந்தார். நினைவகம் அன்று தங்கம் போல விலை. நீண்ட நேரம் ஒலிக்கும் சிம்பல் ஓசைக்கு அதில் இடமே இல்லை. விலை ஏறக்குறைய 5,000 டாலர். பின்பு அவரும் ஜப்பானின் அகாய் நிறுவனமும் சேர்ந்து 1988-இல் கொண்டுவந்த எம்பிசி-60, பதினாறு ரப்பர் பட்டைகள் கொண்டது. விரலால் தட்டி வாசிக்கும் அந்தப் பட்டைகளைத்தான் இன்று ‘பேட்’ என்கிறோம். ஹிப்ஹாப் இசையின் முகத்தை மாற்றிய பெட்டி அது.

எல்எம்-1 தொடங்கி இன்றுவரை பெரும்பாலான பெட்டிகளுக்குள் இருப்பது கணினிதான். செயலி உண்டு, நினைவகம் உண்டு, அதில் ஓடும் மென்பொருளும் உண்டு. இன்றைய எம்பிசி பெட்டிகள் பலவற்றில் லினக்ஸ் இயங்குதளமே ஓடுகிறது. எனவே ‘ஹார்டுவேரா, சாஃப்ட்வேரா’ என்று கேட்கும்போது உண்மையில் நாம் கேட்பது, ஒரே ஒரு வேலைக்காகச் செய்த கணினியா, எல்லா வேலையும் செய்யும் கணினியா என்றுதான்.

இந்தக் கணினிகளுக்குள் ஒலி எப்படி இருக்கிறது? மைக்கில் வந்து மோதும் காற்றழுத்தத்தை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறார்கள். குறுந்தகடு 1982-இல் வந்த காலத்திலிருந்து புழங்கும் எண்ணிக்கை இது. மனிதக் காது கேட்கும் உச்ச அதிர்வு வினாடிக்குச் சுமார் 20,000. ஓர் அலையைத் தவறாமல் பிடிக்க அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது கணக்கு. 44,100 அந்த வரம்பைத் தாண்டியே நிற்கிறது. இப்படி ஒவ்வொரு கணத்திலும் எடுக்கும் அளவைக் ‘கூறு’ என்று சொல்வோம். ஸ்டூடியோக்காரர்கள் ‘சாம்பிள்’ என்பார்கள்.

ஒலி எண்களாகிவிட்டால் இரண்டு ஒலிகளும் ஒன்றா வேறா என்பதைக் காதை நம்பாமலே சோதித்துவிடலாம். பெட்டியிலிருந்து எடுத்த கோப்பையும் லேப்டாப்பில் செய்த கோப்பையும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் அடுத்தடுத்து வைத்து, தொடக்கத்தை ஒரு கூறுகூடப் பிசகாமல் பொருத்த வேண்டும். பிறகு ஒன்றை மட்டும் தலைகீழாகத் திருப்ப வேண்டும்: அலை மேலே போன இடமெல்லாம் கீழே, கீழே போன இடமெல்லாம் மேலே. இப்போது இரண்டையும் கூட்டினால், இரண்டும் ஒன்றேயானால் முழு நிசப்தம் மிஞ்சும். வேறுபாடு இருந்தால் அந்த வேறுபாடு மட்டும் தனியாகக் கேட்கும். ‘நீக்கல் சோதனை’ என்று இதைச் சொல்லலாம். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் எவரும் செய்து பார்க்கக்கூடியது. ஒரே பதிவை எந்தச் சேர்மானமும் இல்லாமல் இரண்டு இடத்திலிருந்தும் எடுத்தால் நிசப்தமே மிஞ்சுகிறது. பழைய எம்பிசி-60-இல் பதிந்து எடுத்தால் மிஞ்சாது. அது ஒவ்வொரு கூறையும் 12 பிட் அளவுக்கே நுணுக்கமாக எழுதியது, அந்தச் சொரசொரப்பு வித்தியாசமாகத் தெரியும். அசல் 808-உம் அப்படியே. ‘சவுண்டே வேற’ என்பது அத்தகைய பெட்டிகளுக்கு அளந்து காட்டக்கூடிய உண்மை. இன்று கடையில் வாங்கும் டிஜிட்டல் பெட்டிக்கு அது பெரும்பாலும் பொருந்தாது.

ஒலி ஒன்றானாலும் வாசிக்கும் கைக்கு ஏன் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை? இங்கேதான் நேரம் வருகிறது.

லேப்டாப்பின் செயலி ஒரே சமயத்தில் நூறு வேலைகளைப் பார்க்கிறது. வைஃபை, திரை, வைரஸ் காப்பு, பின்னணியில் ஓடும் ஏதேதோ. ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்கி மாறிமாறிச் செய்கிறது. ஒலிக்கான வேலைக்கும் அப்படித்தான் முறை வரும். ஸ்பீக்கரோ காத்திருக்காது, வினாடிக்கு 44,100 எண்கள் இடைவிடாமல் அதற்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் வரத்தையும் விடாமல் போகும் செலவையும் எப்படிப் பொருத்துவது?

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் போல ஒன்றை நடுவில் வைக்கிறார்கள். லாரித் தண்ணீர் எப்போதாவது வருகிறது, கீழே குழாய் எந்நேரமும் திறந்திருக்கிறது. தொட்டி பெரிதாக இருந்தால் லாரி தாமதித்தாலும் குழாய் வற்றாது. ஆனால் இன்று தொட்டியில் கொட்டிய தண்ணீர், ஏற்கெனவே இருந்த தண்ணீரெல்லாம் போன பிறகுதான் குழாய்க்கு வந்து சேரும். தொட்டியைச் சிறிதாக்கினால் புதுத் தண்ணீர் உடனே வரும், ஆனால் லாரி கொஞ்சம் பிந்தினாலும் குழாய் வற்றிவிடும். லேப்டாப்பில் இந்தத் தொட்டிக்கு ‘பஃபர்’ என்று பெயர். தமிழில் ‘இடைத்தேக்கம்’ என்போம். அது வற்றும் கணத்தில்தான் ஹெட்போனில் ‘டிக், கிரக்’ என்று வெடிக்கும் சத்தம் கேட்கிறது.

பீட் மென்பொருளின் அமைப்புகளைத் திறந்தால் இந்த இடைத்தேக்கத்தின் அளவு 64, 256, 1024 என்று கூறுகளின் எண்ணிக்கையாக எழுதியிருக்கும். 44,100-ஆல் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும். 64 கூறு என்றால் ஒன்றரை மில்லிவினாடி, 256 என்றால் ஏறக்குறைய 6, 1024 என்றால் 23. மில்லிவினாடி என்பது வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. விரல் தட்டுவதற்கும் ஓசை காதில் விழுவதற்கும் இடையிலான மொத்த நேரத்தை இசைக்காரர்கள் ‘லேட்டன்சி’ என்கிறார்கள். ‘சுணக்கம்’ என்ற நம் சொல் அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. இடைத்தேக்கம் அதில் ஒரு பகுதி மட்டுமே. விசையை உணர்வது, எண்ணை மின்னழுத்தமாக்குவது என்று மற்றவையும் சேரும். ப்ளூடூத்தில், ஒலியைச் சுருக்கி, வானலையில் அனுப்பி, மறுமுனையில் விரித்து, அங்கேயும் ஒரு தேக்கத்தில் வைத்துத் தருவதால், சாதாரண இயர்போன்களில் சுணக்கம் 150, 200 மில்லிவினாடி என்று போய்விடுகிறது. நிமிடத்துக்கு நூறு அடி என்ற வேகத்தில், ஓர் அடியை நான்காகப் பிரித்தால் ஒரு பங்குக்கு 150 மில்லிவினாடி. அதாவது ஒரு முழுத் தட்டு பின்தங்குகிறது.

படம் பார்க்கும்போது இந்தச் சுணக்கம் ஏன் தெரிவதில்லை என்பதற்கு இப்போது விடை சொல்லலாம். படம் ஏற்கெனவே எடுத்து முடிந்தது. அடுத்த வினாடியில் என்ன வசனம் வரும் என்று மொபைலுக்குத் தெரியும். ஒலி எவ்வளவு பிந்தும் என்று கணக்கிட்டு, காட்சியையும் அதே அளவு பிடித்து வைத்துக் காட்டுகிறது. விரலை அப்படிப் பிடித்து வைக்க முடியாது. நீங்கள் எப்போது தட்டப்போகிறீர்கள் என்று உலகில் எந்தக் கணினிக்கும் தெரியாது. எதிர்காலம் தெரிந்த வேலையில் சுணக்கத்தை மறைத்துவிடலாம். தெரியாத வேலையில் மறைக்க வழியே இல்லை.

பெட்டியா லேப்டாப்பா என்ற கேள்வியின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன். பீட் செய்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கட்டங்களில் சுட்டியால் புள்ளி வைத்து, இந்த இடத்தில் கிக், அந்த இடத்தில் ஸ்னேர் என்று எழுதுவது ஒன்று. விரலால் தட்டி வாசித்துப் பதிவது மற்றொன்று. எழுதுகிற வேலையில் தாளம் முழுவதும் முன்கூட்டியே கணினியிடம் இருக்கிறது. சுணக்கம் 5 மில்லிவினாடியானால் என்ன, 500 ஆனால் என்ன, எல்லாம் ஒன்றாகவே பிந்தும், தாளம் கெடாது. எழுதிச் செய்கிறவருக்கு நேரத்தின் பொருட்டுப் பெட்டி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. தட்டிச் செய்கிறவருக்குத்தான் ஒவ்வொரு மில்லிவினாடியும் கணக்கு.

நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் ரிதம் பேட் வாசிப்பவர் இரண்டாவது வகைக்கு நல்ல சான்று. ரோலண்டின் ஆக்டோபேட் 1985-இல் வந்தது. எட்டு ரப்பர் பட்டைகள், குச்சியால் அடிக்கலாம். கோயில் திருவிழா மேடையில் தவில், தபலா, பறை, கைத்தட்டல் எல்லாவற்றையும் ஒரே ஆள் அந்த எட்டுப் பட்டைகளில் கொண்டுவந்துவிடுவார். பாடகர் ஒரு வரியை நீட்டினால் அவரும் நீட்ட வேண்டும், கூட்டம் ஆடத் தொடங்கினால் வேகம் ஏற்ற வேண்டும். அங்கே எதுவும் முன்கூட்டி எழுதப்படவில்லை.

எவ்வளவு சுணக்கம் வரை கை பொறுத்துக்கொள்ளும்? 2002-இல் பெர்க்லியில் டேவிட் வெஸ்ஸலும் மேத்யூ ரைட்டும், இசைக்கருவியாகப் பயன்படும் கணினிக்குச் சுணக்கம் 10 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும், அந்தச் சுணக்கத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மில்லிவினாடிக்கு மேல் போகக்கூடாது என்று வரையறுத்தார்கள். இரண்டாவது நிபந்தனைதான் முக்கியம் என்பதை லண்டனின் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஜாக்கும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அழகாகக் காட்டுகிறது. தொழில்முறைத் தாளக் கலைஞர்களையும், தாளக் கலைஞர்கள் அல்லாத இசை ஆர்வலர்களையும் அழைத்து, ஒரு தட்டுக்கருவியை நான்கு நிலைகளில் வாசிக்கச் செய்தார்கள். சுணக்கமே இல்லாத நிலை ஒன்று. எப்போதும் 10 மில்லிவினாடி, எப்போதும் 20 மில்லிவினாடி என்று இரண்டு. நான்காவதில் சுணக்கம் 10-ஐச் சுற்றி மூன்று மில்லிவினாடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. நிலையான 10 மில்லிவினாடிக்கும் சுணக்கமே இல்லாததற்கும் மதிப்பீட்டில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் அதே பத்தைச் சுற்றித் தள்ளாடிய கருவியை, 20 மில்லிவினாடிக் கருவியைப் போலவே தரம் குறைந்தது என்றார்கள்.

மூன்றே மில்லிவினாடித் தள்ளாட்டம்! பலர் அதைத் தனியாகக் கேட்டு உணரவே முடியாது. ஆனால் கருவி ‘சரியில்லை’ என்று கை சொல்லிவிடுகிறது.

நிலையான சுணக்கத்தை நாம் பொறுத்துக்கொள்வதில் வியப்பில்லை. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது; பத்து மில்லிவினாடிக்கு மூன்றரை மீட்டர். பறையாட்டத்தில் வட்டத்தின் எதிர்ப்பக்கம் நிற்பவரின் அடி எப்போதும் அந்த அளவு பிந்தியே காதுக்கு வருகிறது, ஆட்டம் குலைவதில்லை. மாறாத தாமதத்தை மூளை கற்றுக்கொண்டு அதற்கேற்ப முன்கூட்டி அடிக்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்தில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

ஒரே வேலைக்காகச் செய்த பெட்டியின் வலிமை இங்கே தெரிகிறது. பேட் தட்டப்பட்டதா என்று பார்ப்பதைத் தவிர அதற்கு முக்கியமான வேலை வேறில்லை. சுணக்கம் குறைவு என்பதோடு, ஒவ்வொரு தட்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. லேப்டாப்பிலோ தள்ளாட்டம் பல வழிகளில் நுழைகிறது. எழுத்து விசைகளிலேயே பீட் தட்டுகிறவர்கள் உண்டு. சாதாரண யுஎஸ்பி விசைப்பலகைகள் பலவற்றைக் கணினி எட்டு மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறது. விசை அந்த எட்டுக்குள் எந்த இடத்தில் அழுந்தியது என்பது கணினிக்குத் தெரியாது. ஆய்வில் கை வெறுத்த தள்ளாட்டத்தைவிட இது பெரிது. எவ்வளவு அழுத்தி அடித்தோம் என்பதும் எழுத்து விசைக்குத் தெரியாது. மெல்லத் தட்டினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே ஓசை.

இதனால் பெட்டிக்குக் குறையே இல்லை என்று ஆகிவிடாது. பெட்டிகள் ஒன்றோடொன்று பேச 1983-இல் ‘மிடி’ என்ற பொதுமொழி வந்தது. வெவ்வேறு நிறுவனக் கருவிகளை ஒரே கம்பியில் இணைத்த அருமையான ஏற்பாடு. அதன் வேகம் வினாடிக்கு 31,250 பிட். ஒரு சுரத்தை வாசி என்று சொல்ல ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி பிடிக்கும். பத்துக் கருவிகளை ஒரே கணத்தில் அடிக்கச் சொன்னால் கடைசிக் கருவி பத்து மில்லிவினாடி பிந்தி அடிக்கும். பெட்டிகளைக் கோத்துக் கட்டிய பழைய ஸ்டூடியோக்களில் இதைச் சமாளிப்பதே ஒரு கலையாக இருந்தது.

கோடம்பாக்கத்தில் கணினி இசையின் கதை அந்தப் பெட்டிக் காலத்தில்தான் தொடங்குகிறது. 1986-இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினி வழியே இசையைக் கோத்தார். சீக்வென்சர் என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். சுரங்களையும் தாளத்தையும் முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் கருவிகள் தாமாக வாசிக்கும். 1989-இல் ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுப் பின்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டினார். 1992-இல் ‘ரோஜா’ வந்தது. பெரிய கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்து வந்த ஊரில், வீட்டோடு ஒட்டிய ஓர் அறையில் இரவு முழுக்க உட்கார்ந்து ஒரு பாட்டை அடுக்கடுக்காகக் கட்டலாம் என்று ஆனது. தமிழில் ‘வீட்டில் செய்த பீட்’ என்ற மரபுக்கு அதைவிடப் பெரிய முன்னோடி இல்லை. வாத்தியக்காரர்கள் அந்த அறைக்கு வந்தார்கள், தவிலும் வயலினும் நேரில் வாசித்தார்கள். எழுதிய தாளமும் வாசித்த தாளமும் ஒரே பாட்டுக்குள் உட்கார்ந்தன.

எழுதிய தாளம் என்றதும் நமக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். 808-இன் கீழ் வரிசையில் பதினாறு பொத்தான்கள். அதைப் பின்பற்றி வந்த பெட்டிகளிலும் மென்பொருள்களிலும் திறந்ததும் தெரிவது பதினாறு கட்டங்கள்: நான்கு அடி, அடிக்கு நான்கு பங்கு. கர்நாடக இசையில் இதைச் சதுஸ்ர நடை என்பார்கள். நம் டப்பாங்குத்தோ அடிக்கு மூன்று பங்காகப் போகும் திஸ்ர நடை. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓர் அடி 500 மில்லிவினாடி. அதன் மூன்றில் ஒரு பங்கு 167-இல் விழ வேண்டும். பதினாறு கட்டத்தில் அதற்கு மிக அருகில் இருப்பது 125. நாற்பது மில்லிவினாடிக்கு மேல் பிசகு. பத்து மில்லிவினாடிக்காக இவ்வளவு பேசிவிட்டு, கட்டம் தவறியதில் நான்கு மடங்கை இழக்கிறோம். புதிதாகப் பீட் செய்கிறவர்களின் குத்து, ஆடத் தோன்றாமல் மேல்நாட்டு மார்ச் போல விறைப்பாக ஒலிப்பதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

808-இலேயே மூன்று பங்குக்கு மாற்றும் சுவிட்ச் உண்டு. ஆனால் அடிக்கு ஐந்து பங்கு வரும் கண்ட நடை, ஏழு பங்கு வரும் மிஸ்ர நடை என்று போனால் பெட்டியில் சுற்றிவளைத்துத்தான் செய்ய வேண்டும். மென்பொருளில் கட்டத்தின் எண்ணிக்கையை விரும்பியபடி மாற்றலாம். ஒரு வரியைத் திஸ்ரத்திலும் அடுத்த வரியைக் கண்டத்திலும் போட்டு மிருதங்கத் தீர்மானத்தைக்கூட எழுதிவிடலாம். தமிழ்த் தாளத்தை எழுதிச் செய்கிறவருக்கு லேப்டாப்பே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

எழுதிய தாளம் இயந்திரத்தனமாக இருக்கிறதே என்று மென்பொருளில் ‘ஹியூமனைஸ்’ பொத்தானை அழுத்துகிறார்கள். அது ஒவ்வொரு தட்டையும் குருட்டாம்போக்கில் சில மில்லிவினாடி நகர்த்தும். மனிதர் அப்படியா பிசகுகிறார்? ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஹோல்கர் ஹென்னிக் குழுவினர் கானா நாட்டுத் தாளக் கலைஞர் ஒருவரின் வாசிப்பை அளந்து 2011-இல் எழுதினார்கள். தேர்ந்த கை பிசகும் அளவு பத்து, இருபது மில்லிவினாடி வரை. ஆனால் அந்தப் பிசகுகள் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை. இப்போது சற்று முந்தினால் அதன் பாதிப்பு வெகுதூரம் தள்ளி வரும் தட்டுகள் வரை நீள்கிறது. தொடர்புள்ள பிசகு, குருட்டுப் பிசகு இரண்டையும் ஒரே பாட்டில் போட்டுக் காட்டியபோது, கேட்டவர்களில் பெரும்பாலோர் தொடர்புள்ளதையே விரும்பினார்கள். லேப்டாப்பின் தள்ளாட்டம் குருட்டு வகை என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்கிறேன். வாசிப்பவரின் கை நெய்து வைத்த தொடர்பின் மேல் அது மணல் தூவுகிறது.

பெட்டி வாங்கப் பணம் சேர்க்கும் முன், உங்கள் லேப்டாப்பின் சுணக்கத்தை அறையிலேயே அளந்துவிடலாம். ப்ளூடூத்தைக் கழற்றிவிட்டு, லேப்டாப் ஸ்பீக்கரையோ கம்பி இயர்போனையோ பயன்படுத்துங்கள். மொபைலை அருகில் வைத்து ஒலிப்பதிவை ஓடவிட்டு, விசையை ‘டக்’ என்று கேட்கும்படி இருபது முறை தட்டுங்கள். பதிவை ஆடாசிட்டியில் திறந்து பெரிதாக்கினால் ஒவ்வொரு தட்டிலும் இரண்டு முட்கள் தெரியும்: முதலாவது விரல் பட்ட சத்தம், இரண்டாவது ட்ரம் ஓசை. நடுவில் உள்ள தூரமே சுணக்கம். மென்பொருளே அதை மில்லிவினாடியில் காட்டும். மொபைலுக்குள் எவ்வளவு தாமதம் இருந்தாலும் கவலையில்லை, இரண்டு சத்தத்தையும் அது ஒரே அளவு பிந்திப் பதிகிறது, கழித்தால் போய்விடும். இருபது தூரங்களின் சராசரி சுணக்கத்தைச் சொல்லும். அவற்றில் மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் உள்ள இடைவெளி தள்ளாட்டத்தைச் சொல்லும்.

விண்டோஸ் லேப்டாப்பில் எண் பெரிதாக வந்தால் முதலில் ஏஎஸ்ஐஓ என்ற ஒலி இயக்கியை நிறுவி, இடைத்தேக்கத்தை 1024-இலிருந்து 128-க்குக் கொண்டுவந்து மறுபடி அளங்கள். கிரக் சத்தம் வந்தால் வைஃபையை அணைத்துப் பாருங்கள். பல நேரம் குற்றவாளி அதுவே. சராசரி பத்துப் பதினைந்துக்குள் வந்து, தட்டுக்குத் தட்டு மட்டும் எட்டு மில்லிவினாடி ஆடினால் எழுத்து விசையை விட்டுவிட்டு, யுஎஸ்பியில் செருகும் சிறிய மிடி பேட் ஒன்றை வாங்கினால் போதும். அழுத்தத்தையும் அது உணரும். ஒலியும் கட்டமும் லேப்டாப்பிலேயே இருக்கும். தட்டும் இடம் பெட்டி, எழுதும் இடம் லேப்டாப் என்று பிரித்துக்கொள்ளும் இந்த வழியைத்தான் அறையில் இடமும் கையில் பணமும் குறைவாக உள்ளவருக்குச் சொல்வேன். திரையே இல்லாமல், மேடையில், பாடகரின் மூச்சுக்கேற்ப வாசிக்கப் போகிறவர் மட்டும் பெட்டிக்காகச் சேமிக்கலாம். அவரும் கடையில் பணம் கொடுக்கும் முன், மொபைலில் இதே இருபது தட்டுகளைப் பதிந்து அளந்து பார்த்துக்கொள்ளட்டும்.